கேட்டுக்குள் ஒரு பெயர்

பட்டி, தேன்கனிக்கோட்டைக்கு அப்பால்
ஜூன் 14, இல்லாவிட்டால் 15

அன்புள்ள ஜெயமணிக்கு,

வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த இரண்டாம் நாள் காலையில், சட்டைக் காலரில் மாட்டிவிட்ட மைக்கைக் கழற்றாமல் கக்கூஸுக்குப் போய்விட்டேன். போனவன் சும்மா உட்கார்ந்தேனா என்றால் இல்லை. வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தேன். "வா ராசா, நேத்து தின்ன களி எங்க போவும், எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல" என்று, கால் மணி நேரம். வெளியே வந்தால் சவுண்டு பார்க்கிற நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இதை டிவியில் போடமாட்டோம் என்று ஆனந்த் சத்தியம் செய்திருக்கிறான். ஆனந்த் என்றால் இந்த நிகழ்ச்சிக்குக் கதை பார்க்கிறவன். முப்பது வயது இருக்கும். எல்லோரையும் அண்ணே, அம்மா என்பான்.

நீ ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து நான் கிளம்பியது தப்புதான். ஃபிரிட்ஜ் மேல் சீட்டு எழுதி வைத்தேனே, பார்த்தாயா. நேரில் சொன்னால் விடமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் நேரில் சொல்லவில்லை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இந்த இடத்துக்குப் பட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சிக்கும் அதுதான் பெயர். பன்னிரண்டு பேர், நாற்பது நாள், மாடு கறந்து, களை பிடுங்கி, ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுக்கொண்டு இருக்கவேண்டும். யார் கடைசி வரை இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடிகாரம், காலண்டர், பேனா எதுவும் கூடாது. அதனால்தான் மேலே தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறேன். முதல் நாள் நாற்பது பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள். "படிச்சுப் பாத்துப் போடுங்க" என்றார்கள். "நான் அஞ்சாங்கிளாசுங்க. இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க நாப்பது நாளும் ஓடிப்போயிரும்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

ஒலிபெருக்கியில் ஒருத்தர் உத்தரவு போடுவார். அவருக்குப் பண்ணையார் என்று பெயர். முகம் காட்டமாட்டார். அவர் சொன்னால் எழவேண்டும், சொன்னால் சாப்பிடவேண்டும். லைட்டை அணைப்பதே இல்லை. சாப்பாடு எப்படி என்றால், நேற்று ஒருத்தர் அவர் அப்பா செத்த கதையைச் சொல்லி அழுதார், மதியம் அவர் குழுவுக்கு முட்டை வந்தது. நான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன், எங்கள் குழுவுக்கு ஊறுகாய் வந்தது.

"அண்ணே, உங்க கிட்ட சோகம் எதுவும் இல்லீங்களா?" என்று ஆனந்த் தினமும் கேட்கிறான்.

"கல்யாணம் ஆயிருக்குது, பத்தாதா?"

"அது எல்லாருக்கும் இருக்குதுண்ணே. தனியா ஒன்னு வேணும்."

இந்தப் பேனா எங்களுக்கு உடம்பு பார்க்க வருகிற டாக்டர் மேசையில் இருந்தது. தாள், தண்ணீர் கேன் டெம்போ ஓட்டும் நாராயணப்பன் கொடுத்தது. ஓசூரிலிருந்து தினமும் வருகிறார். மைக் இருப்பதால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை, காலி கேனுக்கு அடியில் கடிதாசியை வைத்தால் எடுத்துக்கொள்வார். உன் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கொட்டகையில் எருமை நிற்கிற மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எருமை மறைப்பதால் அந்த இடம் கேமராவுக்குத் தெரியாது. இவ்வளவு பேரில் எனக்கு உதவி செய்கிற ஒரே ஆள் அதுதான்.

ரோஷன் பீ என்று ஓர் அம்மா இங்கே இருக்கிறார். கிருஷ்ணகிரி பழையபேட்டை, மசாலாப் பொடி அரைத்து விற்கிறவர், ஐம்பத்தெட்டு வயது. வீட்டு ஞாபகத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதார். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "எம் பொண்டாட்டிக்கு ரெண்டு பேருங்க. கம்பெனி கேட்டுக்கு வெளிய ஜெயமணி, உள்ள தமிழ்செல்வி. காச்சல் வந்தா யாரக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னே தெரியாது" என்றேன். அந்த அம்மா சாம்பல் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனந்த் வந்து தோளில் தட்டி, "அண்ணே, இது வேற லெவல்" என்றான். எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. பாத்திரம் தேய்த்ததைச் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூபதி


ஓசூர்
19.6.2025

பூபதி அவர்களுக்கு,

இனிமேல் மாமா என்று எழுதமாட்டேன்.

உங்கள் கடிதம் நேற்றுப் பகல் இரண்டேகாலுக்கு பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. நீங்கள் அதைக் கொடுத்தது ஜூன் 17 என்று நாராயணப்பன் சொன்னார். தேதியில் இரண்டு மூன்று நாள் பின்னால் இருக்கிறீர்கள். மற்றதில் எவ்வளவு பின்னால் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் விளையாட்டாகச் சொன்னது என்ன என்று உங்களுக்கே மறந்திருக்கும். நான் எழுதுகிறேன்.

2006இல் நாகரசம்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தோம். கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள், பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். நான் கணக்கில் ஃபெயில். என் அக்கா தமிழ்செல்வி பாஸ், அவள் கல்யாணமாகி ஊத்தங்கரையில் கடலைக்காட்டில் இருக்கிறாள். "உங்கக்கா சர்டிபிகேட்டு பீரோவுல தூங்குது. அதக் கொஞ்சம் வேலைக்கு அனுப்புனா என்ன" என்று சொன்னது யார்? நான் மாட்டேன் என்று மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் போனேன். கேட்டுக்குள் அன்றிலிருந்து நான் தமிழ்செல்வி. ஆதார் எடுக்கிற காலம் வந்தபோது பயந்துபோய் அதையும் அக்கா பெயரிலேயே எடுத்தேன். ஜெயமணி என்கிற பெயர் ரேஷன் கார்டிலும் உங்கள் வாயிலும்தான் மிச்சம் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் அக்கா பிறந்தநாளுக்கு லைனில் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். என் பிறந்தநாளுக்கு ஓவர்டைம் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பத்தொன்பது வருடம் ஒருத்தரிடமும் வாய் தவறாமல் நடத்தினேன். நீங்கள் ஒரு சாம்பல் சட்டிக்கு முன்னால் சொல்லிவிட்டீர்கள்.

அது டிவியில் வந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா? போலிச் சான்றிதழ் என்று வெளியே அனுப்புவார்கள். நான் கடைசி செக்கிங்கில் நிற்கிறவள். காரில் போகிற ஒயர் கட்டு ஒவ்வொன்றும் என் விரலைத் தாண்டித்தான் வெளியே போகிறது. இந்த வேலை போனால் இந்த வயதில் ஜெயமணியை யார் எடுப்பார்கள்? அவளிடம் ஃபெயில் மார்க்ஷீட்தான் இருக்கிறது.

பட்டி எங்கள் கேன்டீனில் டீ பிரேக்கில் ஓடுகிறது. என் ரசத்தைப் பற்றிச் சொன்னீர்கள். "எங்க வீட்டு ரசத்த ஃபோர்க்லிஃப்ட் வெச்சுத்தான் தூக்கணும்" என்று. அறுபது பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. நம் பெண் மோகனப்ரியா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

இன்னொன்று. உங்கள் கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று லீவு சொல்லியிருந்தீர்கள். உங்கள் சூப்பர்வைசர் முத்துக்குமார் பாவம், பழம் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நம் வீட்டு டிவியில் நீங்கள் எருமைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அவர் நின்றபடியே பாட்டு முடியும் வரை பார்த்தார். பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனந்திடம் சொல்லி அதை வெட்டச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வீர்கள் என்பது எனக்கு வேண்டாம். பெரிய நிகழ்ச்சி சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறது. அதற்குள்.

ஜெயமணி


பட்டி
ஜூன் 22 (நீ சொன்ன கணக்கைக் கூட்டிப் போட்டது)

ஜெயமணி,

இந்தச் சனிக்கிழமை தப்பித்தாய். அடுத்த சனிக்கிழமை பற்றித்தான் இப்போது பேச்சு.

ஆனந்தைத் தனியாகப் பிடித்தேன். இங்கே தனியாக என்றால் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். மைக்கை அவனே அணைத்தான். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. இதுவரை என் மைக்கை அவர்களாக அணைத்ததே இல்லை.

"அண்ணே, அழிக்கறது ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. ஆனா நான் மேல பதில் சொல்லணுமில்ல. அதுக்குப் பதிலா வேற ஒன்னு குடுங்க."

"எங்கிட்ட வேற என்ன இருக்குது. வேணும்னா கக்கூஸ் விஷயத்தப் போட்டுக்க."

"அது வேணாம்ணே. ரோஷன் பீ அம்மா இருக்காங்க இல்ல."

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வீட்டிலிருந்து கடிதம் வரும். ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சத்தமாகப் படிக்கவேண்டும். ரோஷன் பீ அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். ஊரில் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. தீர்மான நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகச் சொல்வாராம். பன்னிரண்டு வருடமாக அந்த இருபது பெண்களுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னார். "தம்பி, கடுதாசி முன்னாடியே கைக்கு வந்துருச்சுன்னா ஒரு தடவ எனக்குப் படிச்சுக் காட்டிரு. ஒரு தடவ கேட்டா எனக்குப் போதும்" என்றார். அதையும் மைக் கேட்டுவிட்டது.

"அந்தம்மா படிக்கட்டும்ணே. நீங்க பக்கத்துல நின்னு உங்க ஸ்டைல்ல ஒரு வார்த்த விடுங்க. அவ்ளோதான். அவங்க அழுவாங்க, நாங்க எடுத்துக்குவோம். உங்க வீட்டு மேட்டர அன்னிக்கே அழிச்சுர்றேன். எங்கம்மா மேல சத்தியம்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை, எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் சாவியைக் கேட்டு நிற்கிறவன் பார்க்கிற மாதிரி இருந்தது. எப்படியும் கொடுக்கத்தானே போகிறாய் என்கிற பார்வை.

இவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன வாரம் அஜித்குமார் என்று ஒரு ஜிம்காரன் வெயிலில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி, கேமரா சரியாகப் பிடிக்கவில்லை என்று இன்னொரு தடவை விழச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நன்றாக விழுந்தான்.

நீ என்ன சொல்கிறாய்? நம் இரண்டு பேரில் நீதான் படித்தவள், அதோடு உன் அக்கா படிப்பு வேறு உன்னிடம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எருமையைக் கேட்டேன், சாணி போட்டது.

பூபதி


ஓசூர்
24.6.2025

பூபதி அவர்களுக்கு,

செய்யுங்கள்.

அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவர் வயது, மகளிர் குழு, மருமகள் எதையும் எனக்கு எழுதவேண்டாம். தெரிந்துகொண்டால் என்னால் முடியாது.

நீங்கள் இருபது வருடமாக ஊரில் ஒருத்தரை விடாமல் கிண்டல் செய்தீர்கள். நொண்டி நடக்கிறவர், திக்கிப் பேசுகிறவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற கடைக்காரர், என் அம்மா, நான். அப்போதெல்லாம் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. இன்றைக்கு ஒன்று எனக்கு உபயோகமாகப் போகிறது என்றதும் என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். நான் சொல்லித்தான் செய்தேன் என்று இருக்கவேண்டும், அவ்வளவுதானே. சரி. நான்தான் சொன்னேன். வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்தேன். மறுபடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டாம்.

ஜெயமணி


ஓசூர்
30.6.2025

பூபதி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்கள் எழுதவில்லை. எழுதவேண்டியதில்லை. சனிக்கிழமை வீட்டில் பார்த்தேன், இன்றைக்குக் கேன்டீனில் இன்னொரு தடவை பார்த்தேன்.

அந்த அம்மா பச்சைப் புடவையில் எழுந்து நின்றார். தாளை நேராகத்தான் பிடித்திருந்தார். மருமகள் எழுதியது, பேத்தி நடக்க ஆரம்பித்தது, மிளகாய் காயவைத்தது, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி, அடுத்த வரிக்குக் கண்ணைக்கூடக் கீழே இறக்கினார். நான் செக்கிங்கில் இருக்கிறவள், எனக்கே தப்பு தெரியவில்லை. படித்து முடித்ததும் நீங்கள் எட்டிப் பார்த்து, "அம்மா, அருமையாப் படிச்சீங்க. ஆனா இது அஜித்குமாருக்கு அவன் லவ்வர் எழுதுன கடுதாசிங்களே" என்றீர்கள்.

டிவியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு ஒரு பீப்பி இசை போட்டு நான்கு தடவை திருப்பிக் காட்டினார்கள். நான்காவது தடவை அந்த அம்மா முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள்.

கேன்டீனிலும் சிரித்தார்கள். பாத்திரம் எடுக்கிற ரங்கம்மா மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். மாதாமாதம் அவள் சம்பளச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து, "கண்ணு தெரியல அக்கா, என்னா போட்டுருக்குதுன்னு சொல்லு" என்பாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் நன்றாகச் செய்தீர்கள். நான் சொன்னதைவிட நன்றாக.

இப்போது உங்கள் ஆனந்த் சத்தியத்துக்கு வருகிறேன். நேற்று முன்னோட்டம் போட்டார்கள். உங்கள் முகம், பின்னால் ஒரு கம்பெனி கேட் படம். "கேட்டுக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். சிரிப்பு பூபதி மறைத்த ரகசியம். வரும் சனிக்கிழமை." ஜெயமணி என்று சொல்லும்போது மட்டும் சத்தத்தை வெட்டியிருக்கிறார்கள், ஆசை காட்டுவதற்கு. லைனில் எல்லோரும் என்னிடம், "என்னக்கா ரகசியம்" என்று கேட்கிறார்கள். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நேற்று ஊத்தங்கரையிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஏண்டி, ரெண்டு பேரு நாகரசம்பட்டியில விசாரிச்சு, கேமரா எடுத்துக்கினு கடலைக்காட்டுக்கே வந்துட்டாங்க. சர்டிபிகேட்டு போனதுக்கு அழுவச் சொல்றாங்க. எனக்கு அழுவ வரலன்னேன், வெங்காயம் இருக்குதான்னு கேக்கறாங்க. களைக்கொத்தி எடுத்தேன், ஓடிட்டானுங்க. ஆனா ஒன்னு கேக்கறேன் ஜெயமணி, என் சர்டிபிகேட்ட நீ எப்பத் திருப்பித் தரப்போற?"

பத்தொன்பது வருடத்தில் அவள் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்த அம்மாளையும் கொடுத்தீர்கள். என்னையும் கொடுத்தீர்கள். உங்கள் குழுவுக்கு முட்டை வந்ததா?

ஜெயமணி


பட்டி
ஜூலை 2

ஜெயமணி,

முட்டை வந்தது. நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிட்டேன். அப்புறம் வாந்தி எடுத்தேன். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் கடிதத்தை வியாழக்கிழமையே ஆனந்த் என் கையில் கொடுத்துவிட்டான், நான் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நிற்கும்போது வேறு தாளைக் கொடுத்தார்கள். மாற்றியதை நான் பார்த்தேன். அவர் படித்து முடித்துவிட்டுச் சந்தோஷமாக என்னைத்தான் திரும்பிப் பார்த்தார், சரியாகச் சொன்னேனா என்கிற மாதிரி. அப்போதுகூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன் வேலைக்காகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் உன் ஞாபகம் எனக்கு வரவில்லை. நல்ல கிண்டல் ஒன்று வாய்க்கு வந்தது. வாய் என்னைக் கேட்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா தாளை நாலாக மடித்து, "இப்ப நான் எங்க உக்காரணும் தம்பி?" என்று கேட்டார். அதை அவர்கள் காட்டவில்லை போல. அழவும் இல்லை. அழுத மாதிரி காட்டியிருந்தால் அது முதல் வாரம் எடுத்தது.

மறுநாள் அடுப்பங்கரையில் போய் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "நீ பொய் சொல்லலியே தம்பி. யாரப் பத்தியும் நீ பொய் சொல்றதில்ல. நெசத்த எடுத்து எல்லாருக்கும் முன்னாடி வெச்சுட்டு சிரிக்கிற. பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் தட்டை மட்டும் கழுவாமல் தனியாக வைக்கிறார்.

உன் கடிதம் கிடைத்ததும் ஆனந்திடம் போனேன்.

"சேனல்ல கேட்டாங்கண்ணே. என் கையில ஒன்னும் இல்ல."

"உங்கம்மா மேல சத்தியம் பண்ணியேடா."

"அது போன வாரத்துக்குண்ணே."

அப்போதிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. "பூபதி, சிரிக்க வைக்கவும்" என்று பண்ணையார் மைக்கில் மூன்று தடவை சொன்னார். உட்கார்ந்திருந்தேன். நான் பேசாததற்கு எங்கள் குழுவுக்கு அரிசியை நிறுத்தினார்கள். கூட இருக்கிற ஐந்து பேரும் என்னைத் திட்டுகிறார்கள், அதில் அஜித்குமார் அடிக்கவே வந்தான். எல்லாம் நன்றாகப் பதிவாகிறது. பேசினாலும் அவர்களுக்குச் சரக்கு, பேசாவிட்டாலும் சரக்கு.

வெள்ளிக்கிழமை நாராயணப்பன் வரும்போது கேன்களோடு ஏறி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். அந்த நாற்பது பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் இருக்கட்டும். நேராக உன் கம்பெனி கேட்டுக்கு வருகிறேன். நான் சொன்னது அத்தனையும் பொய், சிரிக்கச் சொன்ன கதை, என் பொண்டாட்டி பெயர் தமிழ்செல்விதான் என்று உங்கள் மேனேஜரிடம் சத்தியம் செய்கிறேன். சொல்லட்டுமா? ஒரு வரி எழுது.

பூபதி


ஓசூர்
3.7.2025

பூபதி அவர்களுக்கு,

வரவேண்டாம். கேட்டுக்கு வரவேண்டாம், வீட்டுக்கும் வரவேண்டாம். பக்கத்து வீட்டில் சாவி இருக்காது.

என் பெயர் தமிழ்செல்வி என்று நீங்கள் சத்தியம் செய்யவேண்டியதில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

இன்று காலை லைனுக்குப் போகாமல் நேராக ஆபீஸுக்குப் போனேன். எச்.ஆர். மேனேஜர் புதியவர், பெங்களூர்க்காரர், நம்மைவிடச் சின்னவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"வாங்க தமிழ்செல்விம்மா. லீவு வேணுமா?"

"நான் தமிழ்செல்வி இல்லைங்க சார்."

"அப்ப தமிழ்செல்வி எங்க?"

"ஊத்தங்கரையில இருக்குதுங்க. கடலைக்காட்டுல."

"இங்க பத்தொம்பது வருஷமா வேல செஞ்சது யாரு?"

"நானுங்க."

"அதாம்மா, நீங்கதான தமிழ்செல்வி."

"இல்லைங்க சார்."

அவர் ஃபேனைக் குறைத்துவிட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றி இரண்டு வரிதான் சொன்னேன், அதற்கு மேல் நேரம் வீணாக்கவில்லை. சர்டிபிகேட் அக்காவுடையது, விரல் என்னுடையது என்றேன். பத்தொன்பது வருட ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன், என் டேபிளைத் தாண்டி ஒரு தப்பு ஒயர் வெளியே போயிருந்தால் இப்போதே போய்விடுகிறேன் என்றேன். அவர் ரிஜிஸ்டரை எடுக்கவில்லை. ஏன் இன்றைக்கு வந்து சொல்கிறீர்கள், யாரும் கேட்கவில்லையே என்றார். சனிக்கிழமை கேட்பார்கள் சார், அதுவும் பாட்டுப் போட்டுக் கேட்பார்கள் என்றேன்.

பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து நாளில் முடிவு தெரியும். வேலை இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, போகும் என்றும் சொல்லவில்லை. நான் வெளியே வரும்போது ரங்கம்மா கேன்டீன் வாசலில் நின்று, "என்னாக்கா, பேட்ஜு எங்க?" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினாள். நின்று படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் நாற்பது நாளையும் இருந்து முடியுங்கள். ஓடி வந்து அதையும் ஒரு கதையாகச் சொல்லித் திரியவேண்டாம். போய் அந்த அம்மாளிடம், ஜெயமணி என்கிறவள்தான் இதைச் செய்யச் சொன்னாள் என்று சொல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள். மைக் போட்டுக்கொண்டே சொல்லுங்கள். அவர் உங்களோடு பேசாவிட்டால் தட்டை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள், இத்தனை வருடத்தில் ஒருநாளாவது கழுவினால் கை ஒன்றும் தேய்ந்துபோகாது.

இனி எனக்கு எழுதவேண்டாம். நாராயணப்பனிடமும் சொல்லிவிட்டேன்.

அக்காவின் சர்டிபிகேட்டைக் கேட்டேன். விசாரணை முடியும் வரை கம்பெனியில்தான் இருக்கும் என்றார்கள். அவளிடம் சொன்னேன், அவளும் போனை வைத்துவிட்டாள்.

நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் தமிழ்செல்வி இல்லை, அவள் தங்கை ஜெயமணி என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. வழக்கம் போல் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் கடைசி வரை படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழே தமிழ்செல்வி என்று போட்டிருந்தேன். வேறு தாள் கொடுத்தார்கள்.

ஜெயமணி